உறுமி வெறும் சத்தம்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் வந்த இசையும் மூளையும் மாநாட்டுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலாக. இரண்டாம் முறை, அந்த ஒரு வரி நிஜமாகவே அச்சில் இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. 'தோட்டப்புறப் பிள்ளைகள் உறுமிச் சத்தத்திலேயே வளர்வதால் நுட்பமான இசைக்கு அவர்கள் காது பழகுவதில்லை.' மாநாட்டில் யாரும் இப்படிச் சொன்னார்களா, கட்டுரையாளரே சேர்த்தாரா என்பது தெரியவில்லை. முப்பத்தொரு வருடம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இந்தத் துறையின் ஆராய்ச்சி இதற்கு நேர்மாறாகப் பேசுவது தங்களுக்குத் தெரியாததல்ல. 2005இல் எரின் ஹேனன், சாண்ட்ரா டிரெஹப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆறு மாதக் குழந்தைகளுக்கு பால்கன் நாட்டுப்புற இசையைப் போட்டுக் காட்டினார்கள். அடிகள் சமமாக விழாமல் ஏழு எண்ணிக்கையில் ஓடும் இசை அது. தாளம் பிசகிய இடம் அந்தக் குழந்தைகளுக்குப் பிடிபட்டது, வட அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. பல்கேரியா, மாசிடோனியாவிலிருந்து வந்த பெரியவர்களுக்கோ எளிதாக இருந்தது. ஒரு வயதில் அந்தத் திறமை குழந்தைகளிடமும் மங்கிவிடுகிறது. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அதே இசையைப் போட்டுக் கேட்கவைத்தால் திரும்பி வந்துவிடுகிறது. அதாவது, வீட்டிலும் தெருவிலும் காதில் விழுவதுதான் காதை வளர்க்கிறது.

அந்த ஏழு நமக்கு அந்நியமா ஐயா? தகிட மூன்று, தகதிமி நான்கு. நம் மிஸ்ர சாபு தாளம். என் சித்தப்பா காலையில் ரப்பர் பால் வெட்டப் போவார், சாயங்காலம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தவில் வாசிப்பார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டு வாசலில் அவர் சாதகம் செய்ததைத் தவழும் வயதிலிருந்து கேட்டோம்.

ஒருமுறை எங்கள் பள்ளிக்கு இசைப் பயிற்சி கொடுக்கப் பட்டணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரெக்கார்டர் குழலில் பிள்ளைகள் தடுமாறினார்கள். 'இவர்களுக்குத் தாள உணர்வே இல்லை டீச்சர்' என்றார், பிள்ளைகள் முன்னாலேயே. எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. மேசையில் தகிட தகதிமி தட்டினேன். மூன்றாவது சுற்றில் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். அந்த அதிகாரிதான் ஒவ்வொரு சுற்றிலும் எட்டாவதாக ஒரு தட்டு கூடுதலாகப் போட்டார். அவர் காது கெட்டதென்று நான் சொல்லவில்லை. அந்தக் காது பழகியது வேறு. என் பிள்ளைகளுக்கும் அந்த மரியாதையைத் தந்திருக்கலாம்.

உறுமியையும் சத்தம் என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து அந்த உறுமலை எழுப்ப வேண்டும். அழுத்தம் கொஞ்சம் மாறினால் ஒலியே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லும் பன்னிரண்டு வயதுப் பையன்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

அப்புறம் அதே கட்டுரையில் வரும் மொஸார்ட் இசை. கேட்டால் குழந்தைக்கு அறிவு பெருகும் என்று இன்னமுமா எழுதுவது? 1993இல் வந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். இரண்டு பியானோக்களுக்கான ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டார்கள். வடிவங்களை மனதிலேயே மடித்துப் பார்க்கும் இடவடிவக் கணிப்பில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம், அதுவும் கால் மணி நேரத்துக்குள் மறைந்தது. கைக்குழந்தை ஒன்றுகூட அதில் இல்லை. இதை நம்பித்தான் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பினார். சில வருடம் கழித்து எங்கள் தோட்டத்துக்கும் அது வந்து சேர்ந்தது. வாசல் வாசலாக வந்த ஒருவர் அறிவு வளர்க்கும் இசைத்தட்டு என்று 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) தவணையில் விற்றார். அடுத்த வீட்டு அக்கா பால் வெட்டிய காசில் கட்டித் தீர்த்தார். அந்த விளம்பரம் தங்கள் பத்திரிகையிலும் வந்தது. மறக்கவில்லை.

2006இல் உலக இசைக்கல்விச் சங்கத்தின் மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. முடிந்து பல மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். தினமும் தங்கள் பத்திரிகையை வரி விடாமல் படிப்பவள் நான். அன்று ஒரு சின்னச் செய்தி கண்ணில் பட்டிருந்தால் சொந்தக் காசில் பஸ் ஏறிப் போயிருப்பேன், உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றாவது கேட்டிருப்பேன். அந்த வருடம்தான் எங்கள் பள்ளி ஆர்மோனியத்தைப் பழைய நாற்காலிகளோடு ஸ்டோருக்குள் தூக்கிப் போட்டார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். மாணவர் பகுதியில் அரைப் பக்கம் ஒதுக்கி, குழந்தைகளும் தாளமும் பற்றிய அந்த 2005 ஆய்வைப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அனுப்பிவையுங்கள். சாப்பாடும் தங்க இடமும் என் பொறுப்பு. உறுமிக்காரப் பையன்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.