சம்பந்தி கொடுத்த துப்பாக்கி

அன்புள்ள அருணுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தாயிற்று. அப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து இன்னும் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். அதனால் பார்த்தது நான், தீர்ப்பு சொன்னது அவர், அதில் பாதியை மாற்றியது மறுபடியும் நான். முதலில் சம்பந்திக்கு எங்கள் நன்றியைச் சொல். தன் அப்பா மான் வேட்டைக்குத் தூக்கிப்போன துப்பாக்கியை மாப்பிள்ளை கையில் கொடுக்க எல்லோருக்கும் மனசு வராது.

ஆனால் ஒன்று. அவர் அதை "பழைய வின்செஸ்டர், 308", அதாவது வின்செஸ்டர் கம்பெனி செய்தது, 308 வகைத் தோட்டா போடுவது என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அது வின்செஸ்டரும் இல்லை, 308ம் இல்லை. அவரைத் திருத்தப் போகாதே, காலம் காலமாக அந்த வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நீ மட்டும் தெரிந்துகொள்.

வின்செஸ்டரின் பழைய லீவர் துப்பாக்கியான 94 மாடல் என்றால் பின்னால் சுத்தியல் வெளியே தெரியும், பேரலுக்குக் கீழே தோட்டா போடும் குழாய் ஓடும். உன் படத்தில் இரண்டும் இல்லை. இடது பக்கம் சின்ன ஜன்னல் மாதிரி ஒரு துளை, அதற்குள் பித்தளையில் எண் தெரிகிறது பார், அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. அது சாவேஜ் 99. உள்ளே ஐந்து தோட்டா பிடிக்கும் சுழல் உருளை இருக்கிறது. எத்தனை மிச்சம் என்பதை அந்த எண் காட்டும். இதை வடிவமைத்த ஆர்தர் சாவேஜ் ஜமைக்காவில் பிறந்தவர். கம்பெனி தொடங்கியது 1894இல், நமக்குப் பக்கத்து ஊரான யூட்டிகாவில், இதே நியூயார்க் மாநிலத்தில். அப்பா உடனே "நம்மூர்த் துப்பாக்கி" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். பேரல் மேல் இருக்கும் முகவரியைப் படித்துக் காட்டினேன்: சிக்கோபீ ஃபால்ஸ், மாசசூசெட்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கம்பெனி அங்கே போய்விட்டது. கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய். டிரிகரைச் சுற்றி இருக்கும் லீவரைக் கீழே இறக்கினால் அதன் கீல் பக்கத்துத் தடித்த பகுதியில் சின்ன முட்டை வடிவத்துக்குள் ஓர் எழுத்து அடித்திருக்கும். 1949க்கு 'ஏ' என்று தொடங்கி வருஷத்துக்கு ஓர் எழுத்து. உன்னுடையது 'இ' மாதிரித் தெரிகிறது, அப்படியானால் 1953. அழுக்கைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு, அது 'எஃப்' ஆகவும் இருக்கலாம்.

இனிமேல் வருவதுதான் முக்கியம். பேரலின் இடது பக்கம் "300 சாவேஜ்" என்று தெளிவாக இருக்கிறது. 1920இல் வந்த தோட்டா அது. அன்றைய ராணுவத் தோட்டாவான 30-06க்குக் கிட்டத்தட்ட சமமான வேகத்தைக் குட்டையான பித்தளை உறையில் கொடுக்க வேண்டும் என்று செய்தார்கள். 150 கிரெயின் (எடை அளவு, கீழே சொல்கிறேன்) குண்டு விநாடிக்குச் சுமார் 2,630 அடி போகும். மானுக்கு அது போதும், தாராளமாகப் போதும். 308 வின்செஸ்டர் 1952இல் வந்தது. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, அதனால்தான் குழப்பம். உறை நீளம் வேறு: 300க்கு 1.871 அங்குலம், 308க்கு 2.015. நீளமான 308 உன் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையில் முழுசாக நுழையாது. லீவர் மூடவில்லை என்றால் அழுத்தி மூடப் பார்க்காதே, தோட்டாவை எடுத்து அதன் அடியில் அடித்திருக்கும் எழுத்தைப் படி. பின்னாளில் இதே 99 மாடல் 308இலும் வந்ததால், "99தானே, 308 போடலாம்" என்று கடையிலேயே யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதே.

துப்பாக்கியோடு வந்த தோட்டாக்கள் கிடக்கும் அந்தக் காபி டப்பா படத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேலாகக் கிடப்பதிலேயே "300 சாவ்" என்று அடித்தவையும் "308 வின்" என்று அடித்தவையும் கலந்து கிடக்கின்றன. ஒன்றின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடியான பிரைமரின் ஓரத்தில் பச்சைப் பூப்பு. யாரோ வீட்டில் நிரப்பியவை. எந்தப் பவுடர், எவ்வளவு என்று ஒரு சீட்டும் இல்லை. அதில் ஒன்றைக்கூடச் சுடாதே. சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லர் வாங்கிக் குண்டைப் பிடுங்கு, பவுடரைத் தோட்டத்தில் மெல்லியதாகத் தூவிவிடு. குண்டை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பவுடரை மறுபடி எதிலும் போடக்கூடாது, பார்ப்பதற்கு எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி.

சுடுவதற்கு முன் துப்பாக்கியை ஒரு நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொடு. ஹெட்ஸ்பேஸ், அதாவது மூடிய அறைக்குள் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளியை அளந்து பார்க்கட்டும். பேரலில் எழுதியிருப்பதை நம்பலாம், ஆனால் எழுபது வருஷத்தில் யார் கை பட்டது என்று நமக்குத் தெரியாது. அவருக்குச் சந்தேகம் இருந்தால் குறைந்த சூட்டில் உருகும் உலோகத்தை அறையில் ஊற்றி அச்சு எடுத்து அளப்பார். நீயாகப் பிரித்துப் பார்க்காதே. அந்தச் சுழல் உருளையின் ஸ்பிரிங்கை மறுபடி சரியாக முறுக்கி வைக்கத் தெரியாமல் பையில் துண்டு துண்டாகக் கொண்டுவருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கட்டையில் ஓர் இடத்தை மட்டும் நீயே பார்: இரும்பு முடிந்து கட்டை ஆரம்பிக்கும் மணிக்கட்டுப் பகுதி. 99களுக்கு அங்கேதான் மயிரிழை விரிசல் விடும், எண்ணெய் ஊறியிருந்தால் இன்னும் சீக்கிரம். பின்தகட்டைக் கழற்றினால் உள்ளே நீளமான திருகாணி இருக்கும், அது தளர்ந்திருந்தால் நீள ஸ்க்ரூடிரைவரால் இறுக்கு.

சேஃப்டி வலது பக்கம், டிரிகருக்குப் பின்னால் லீவர் ஓரமாகத் தள்ளும் பொத்தான். தள்ளினால் டிரிகரும் லீவரும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் இரும்பான போல்ட்டுக்குப் பின்னால் மேலே ஒரு சிறு ஊசி எழும்பி நின்றால் துப்பாக்கி காக் ஆகி, சுடத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இருட்டில் கட்டைவிரலால் தடவியே தெரிந்துகொள்ளலாம். எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகப் பிடித்தது இதுதான்.

ஸ்கோப் விஷயம். காலி உறை வலது பக்கமாகத் தெறிக்கும், மேல் பகுதி மூடியிருக்கும். அதனால் உறை மேலே தெறிக்கும் பழைய 94இல் படும் பாடு இதில் இல்லை, ஸ்கோப் நேர் மேலேயே உட்காரும். ஆனால் மேலே ஆணித்துளைகள் இருக்கின்றனவா என்பது உன் படத்தில் தெரியவில்லை. சின்ன ஸ்க்ரூக்கள் அடைத்திருந்தால் துளை இருக்கிறது, ஸ்கோப் உட்காரும் தளம் வாங்கிப் பொருத்து. இல்லையென்றால் புதிதாகத் துளைக்காதே. பழைய துப்பாக்கியின் மதிப்பு அந்த நிமிஷமே இறங்கிவிடும், சம்பந்தி முகமும் வாடும். சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட் போதும், அப்பா இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறார்.

சரி, காலி உறையில் பவுடரும் குண்டும் வைத்து வீட்டிலேயே தோட்டா நிரப்பும் வேலை. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம். நான் மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆஸ்பிரின் புட்டியில் 5 கிரெயின், அதாவது 325 மில்லிகிராம் என்று போட்டிருக்கும். அந்தப் பழக்கத்தால்தான் இந்த வீட்டில் தராசு என் கைக்கு வந்தது. எத்தனை கிரெயின் பவுடர் என்று இதில் எழுத மாட்டேன், கேட்காதே. பவுடர் கம்பெனியின் இப்போதைய புத்தகத்தைத் திற, நீ வாங்கிய அதே குண்டு, அதே பவுடர் இருக்கும் வரியில் தொடக்க அளவைப் பிடி. ஐ.எம்.ஆர் 4895 அல்லது 3031 என்ற பவுடர் கிடைக்கிறதா பார். கடைசி அளவை எட்டியே தீர வேண்டும் என்ற ஆசை வேண்டாம்.

ஏன் என்றால், இந்தத் துப்பாக்கியில் போல்ட் பூட்டுவது பின்பக்கம். வெடிக்கும்போது உடம்பு கொஞ்சம் நீண்டு கொடுக்கும், உறையும் கூடவே நீளும். அதனால் உறைக்கு ஆயுசு குறைவு. ஒவ்வொரு முறையும் உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் முழு நீள டையில் போட்டு எடு. உறையின் கழுத்தை மட்டும் சரிசெய்வது லீவர் இல்லாமல் கைப்பிடியால் போல்ட்டை இழுக்கும் துப்பாக்கிக்காரர்கள் வேலை, இங்கே லீவர் மூடாது. ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, உறைக்குள் விட்டு அடிப்பக்கச் சுவரை மேலும் கீழுமாக வருடு. நுனி ஓரிடத்தில் சிக்கினால் அங்கே சுவர் மெலிந்திருக்கிறது. வெளியே அதே உயரத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அந்த உறையை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடு. நசுக்காமல் போட்டால் சிக்கனம் பார்த்து நீயே மறுபடி எடுப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

உறையின் நீளம் 1.871 அங்குலத்தைத் தாண்டினால் 1.861க்கு வெட்டு. முழுத் தோட்டா 2.600 அங்குலத்தைத் தாண்டக்கூடாது, உருளையில் சிக்கும். கழுத்து ரொம்பக் குட்டை, 0.221 அங்குலம்தான், அதனால் நீளமான கனக் குண்டு வேண்டாம், 150 கிரெயின் போதும். கூர்நுனிக் குண்டு தாராளமாகப் போடலாம். 94இல் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அதனால் தட்டை மூக்கு தேவை. உன் உருளையில் ஒவ்வொன்றும் தனித்தனி வரிப்பள்ளத்தில் படுத்திருக்கும்.

மேஜைமேல் ஒரே ஒரு பவுடர் டப்பா. எல்லா உறையிலும் போட்டு முடித்ததும் டார்ச் அடித்து வரிசையாக உள்ளே பார், மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்புறம்தான் குண்டு வைப்பது. ஃபோன் அடித்தால் எடுக்காதே, நானாக இருந்தாலும்.

அப்பாவின் 30-06க்கு வைத்திருக்கும், நிரப்பும்போது உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரே இதற்கும் பொருந்தும், இன்னொன்று இருக்கிறது, அனுப்புகிறேன். டை செட்டும் நீளம் அளக்கும் காலிப்பரும் கூட வரும். பவுடரும் பிரைமரும் தபாலில் அனுப்பக்கூடாது, அங்கேயே வாங்கிக்கொள். மொன்டானாவில் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் ஆரஞ்சு தெரிய வேண்டும் என்பது சட்டம், உன் பழைய சட்டை போதாது என்று நினைக்கிறேன், புதிது வாங்கு. லீவர் எழுத்தின் படம், மேல்பக்கத் துளைகளின் படம், இரண்டும் இந்த வாரமே வரட்டும்.

அன்புடன்,
அம்மா