ஆற்றை விட்டு விலகாதே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஜூலையில் நீயும் அண்ணாவும் வெள்ளி மாலை மான்செஸ்டரிலிருந்து கிளம்பி, ஞாயிறு இரவே திரும்புவதாக எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய பட்டியலில் பாதியை அடித்துவிடு. இரண்டு நாளில் லண்டனை நிம்மதியாகப் பார்க்க வேண்டுமானால் தேம்ஸ் ஆற்றைப் பிடித்துக்கொள். கோட்டை, பாலங்கள், நாடாளுமன்றம், கிரீனிச் எல்லாமே அதன் கரையில்தான். ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் ஒவ்வோர் இடமும் அரை நாளைத் தின்றுவிடும்.

முதலில் ரயில். இருவரும் சேர்ந்தே வருவதால் ‘டூ டுகெதர்’ ரயில்கார்டு எடுத்துவிடு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு முன் அது செல்லாது. உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அண்ணா ஆபீஸ் வேலையாக ஒரு ரயில் தள்ளி வருகிறேன் என்றால், அந்தக் கார்டில் எடுத்த டிக்கெட் இருவருக்குமே செல்லாது.

தங்குவதற்கு, உங்கள் ரயில் வந்து நிற்கும் யூஸ்டன் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பிளூம்ஸ்பரி பக்கமாகப் பார். ஏசி இருக்கிறதா என்று கேட்காமல் ரூம் போடாதே. அங்கே பழைய கட்டடங்கள்தான் அதிகம். குளிருக்காகக் கட்டியவை என்பதால் வெயில் நாளில் மேல்மாடி அறையில் தூக்கம் வராது.

வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை திறந்திருக்கும். யூஸ்டனிலிருந்து நடந்தே போகலாம். அனுமதி இலவசம், ஆனாலும் நேரம் குறித்து முன்பதிவு செய்துவிடு. எல்லாரும் ரொசெட்டா கல்லைச் சுற்றி நிற்பார்கள். நீ நேராக 33ஆம் அறைக்குப் போ, சோழர் காலத்து நடராஜர் அங்கே இருக்கிறார். பக்கத்திலேயே 33ஏ அறையில் அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கு.

நகருக்குள் போக தனி டிக்கெட் வேண்டாம், பேங்க் கார்டைத் தட்டினால் போதும். ஆளுக்கொரு கார்டு கட்டாயம். காலையில் கார்டைத் தட்டிவிட்டு மாலையில் போனைத் தட்டினால், ஒரே கணக்காக இருந்தாலும் இரண்டையும் வெவ்வேறாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத உச்சவரம்புச் சலுகை கிடைக்காது. டியூப் என்கிற சுரங்க ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும், மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடுவார்கள். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தட்டினால் போதும். காசு வாங்கமாட்டார்கள்.

டியூபில் ஒரு விஷயம். சென்ட்ரல், பேக்கர்லூ, நார்தர்ன் போன்ற ஆழமான பாதைகளில் ஏசி கிடையாது. சுரங்கம் குறுகல். நூறு வருடங்களுக்கு மேலாக ரயில்களின் பிரேக்கும் மோட்டாரும் கக்கிய வெப்பத்தைச் சுற்றியுள்ள களிமண் உறிஞ்சி வைத்திருக்கிறது. அதனால் மேலே சுகமாக இருக்கும் நாளிலும் கீழே வேர்த்துக் கொட்டும். டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், எலிசபெத் பாதைகளில் ஏசி உண்டு. ஐந்து நிமிடம் கூடுதலானாலும் அவற்றையே பிடி. டியூப் வரைபடத்தைப் பார்த்துத் தூரத்தைக் கணக்குப் போடாதே. லெஸ்டர் ஸ்கொயருக்கும் கோவென்ட் கார்டனுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை. அதற்கு ரயிலேறி, கோவென்ட் கார்டனில் லிப்ட் வரிசையைப் பார்த்துப் படியில் ஏறிவிடலாம் என்று நினைத்தால் 193 படிகள்!

சனிக்கிழமை டவர் ஆஃப் லண்டன் கோட்டை திறக்கும் நேரத்துக்கே போய், வேறெதையும் பார்க்காமல் முதலில் கிரீட நகைகளைப் பார்த்துவிடு. பத்தரைக்கு மேல் அங்கே வரிசை ஊர்ந்துதான் போகும். உச்சி வெயிலில் டிஸ்ட்ரிக்ட் ரயில் பிடித்து எம்பாங்க்மென்டில் இறங்கி, நேஷனல் கேலரி ஓவியக்கூடத்துக்குள் நுழைந்துவிடு.

ஆற்றங்கரை நடையை மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து தென்கரை வழியாக டவர் பிரிட்ஜ் வரை சுமார் 4 கிலோமீட்டர். பலரும் இதைக் காலையில் நடந்து, சூரியனை நேருக்கு நேர் பார்த்துக் கண் கூசிப்போவார்கள். மாலையில் கிழக்கே நடந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்க்கரைக் கட்டடங்கள் எல்லாம் பொன்னாக மின்னும். ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே வேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் கிண்ணத்துக்கு அடியில் பந்தை ஒளித்துவைத்துப் பணம் கட்டச் சொல்லும் கூட்டம் உட்கார்ந்திருக்கும். ஜெயிப்பவரும் அவர்களுடைய ஆள்தான், அங்கே நிற்காதே.

வழியில் மில்லேனியம் பாலத்தின் நடுவே போய் நில். 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் அதை மூடிவிட்டார்கள். பாலம் லேசாகப் பக்கவாட்டில் ஆட, விழாமலிருக்க எல்லாரும் அந்த ஆட்டத்துக்கேற்ப அடி எடுத்துவைக்க, ஆட்டம் இன்னும் கூடிவிட்டது. அதிர்வைத் தணிக்கும் கருவிகள் பொருத்தி 2002இல்தான் மறுபடி திறந்தார்கள். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அவை தெரியும். பொறியாளர் அண்ணாவுக்கு இது பிடிக்கும்.

கப்பல்களுக்கு வழிவிட டவர் பிரிட்ஜ் எப்போது மேலே தூக்கித் திறக்கும் என்பதைக் கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள். கப்பல்காரர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்பதால் நேரங்கள் முன்கூட்டியே வெளியாகிவிடும்.

ஞாயிறு கிரீனிச். போகும்போது டவர் துறையிலிருந்து படகு. அதற்கும் கார்டையே தட்டலாம், ஆனால் அந்தக் கட்டணம் அன்றைய உச்சவரம்பில் சேராது. 12.50க்கெல்லாம் வானாய்வகக் குன்றின் மேல் இருங்கள். கூரையிலுள்ள சிவப்புப் பந்து 12.55க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். ஆற்றில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ள 1833இல் தொடங்கிய ஏற்பாடு இது. பலத்த காற்றடித்தால் ஏற்றமாட்டார்கள்.

திரும்பும்போது ‘கட்டி சார்க்’ என்ற பழைய பாய்மரக் கப்பலுக்குப் பக்கத்தில் வட்டமான ஒரு குட்டிக் கட்டடம் தெரியும். அதுதான் 1902இல் திறந்த நடைபாதைச் சுரங்கத்தின் வாசல். ஆற்றுக்கு அடியில் 370 மீட்டர் நடந்து ஐலண்ட் கார்டன்ஸ் பூங்காவில் ஏறுங்கள். கிரீனிச்சின் அழகு முழுவதும் தெரிவது அந்தக் கரையிலிருந்துதான். லிப்ட் ஓடாத நாளில் படி ஏற வேண்டியிருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள். அங்கிருந்து டிஎல்ஆர் என்ற இலகு ரயிலில் ‘பேங்க்’ நிலையம், அங்கே மாறி நார்தர்ன் லைனில் யூஸ்டன்.

கடைக்குப் போவதாக இருந்தால் சனிக்கிழமையே போய்விடு. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், மாலை ஆறுக்கு மேல் கூடாது. வாரக்கடைசியில் தண்டவாள வேலைக்காகப் பாதைகளை மூடுவதும் வழக்கம். வியாழன் இரவு டியூப், டிஎல்ஆர், மான்செஸ்டர் ரயில் மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள். டிஎல்ஆர் மூடியிருந்தால் கிரீனிச்சைச் சனிக்கு மாற்றி, டவரை ஞாயிற்றுக்குத் தள்ளு. டவர் டிக்கெட் எடுக்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை எழுது.

அன்புடன்,
சாந்தி