கிதார் கிளம்பிவிட்டது

அன்பு மகளுக்கு,

உனக்காகக் கையால் செய்த கிதாரைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததும் உடனே பிரித்துவிடாதே. ஒரு நாள் முழுக்க உன் அறையிலேயே மூடியபடி இருக்கட்டும். அங்குள்ள காற்றுக்கும் சூட்டுக்கும் மரம் மெதுவாகப் பழக வேண்டும். வழியில் இழுவிசை அதிகம் இருக்கக் கூடாது என்று தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன்.

"அறுக்கத் தேய்க்க எல்லாத்துக்கும் மெஷின் இருக்கேம்மா, எதுக்கு இழைப்புளியோட மல்லுக்கட்டுற?" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. இனி இதை வைத்துக் காப்பாற்றப் போகிறவள் நீ. அதனால் உள்ளே என்ன இருக்கிறது, எதை எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரிந்து வைத்துக்கொள்.

முதலில் மேல்பலகை. ஸ்ப்ரூஸ் மரம். ஒரே துண்டிலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து நடுவில் ஒட்டியிருக்கிறேன். அதனால்தான் நடுக்கோட்டின் இரு பக்கமும் ரேகைகள் ஒன்றுக்கொன்று பிம்பம்போல இருக்கின்றன. அந்த ஒட்டுக்காக இரண்டு ஓரங்களையும் நீள இழைப்புளியால் இழைத்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சேர்த்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். எங்காவது மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைப்புதான். கிளாம்ப் போட்டு இறுக்கினால் எந்த இடைவெளியும் மூடிக்கொள்ளும். ஆனால் இழுத்து மூடிய ஒட்டு எப்போதும் பிரியப் பார்த்துக்கொண்டே இருக்கும். கையால் லேசாக அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும்.

அப்புறம் அதைச் சன்னமாக்கும் வேலை. இதுதான் நான் ரொம்பவும் நேசிக்கிற கட்டம். பலகை 3 மில்லிமீட்டருக்கு வரும்வரை அளவுகோலை நம்பலாம். அதற்குப் பிறகு காதும் விரல்களும்தான் சொல்ல வேண்டும். ஓரத்துக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, மறுகை முட்டியால் தட்டிக் கேட்பேன். கனமாக இருக்கும்போது சத்தம் சுருக்கமாக நின்றுவிடும். இழைக்க இழைக்கச் சுருதி இறங்கும், சத்தம் நீளும். நார் போகும் திசையில் வளைத்தால் விறைப்பாகவும் குறுக்கே வளைத்தால் இளக்கமாகவும் இருக்கும். அந்த இளக்கம் போதும் என்று கை சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். உன்னுடையது நடுவில் ஏறக்குறைய 2.4, ஓரங்களில் 2.1 மில்லிமீட்டரில் நின்றது. இதே வகை மரத்தில் வேறொரு பலகை வேறு அளவில் நிற்கும். மெஷின் இரைச்சலுக்கு நடுவே இந்தத் தட்டலைக் கேட்க முடியாது. இழைப்புளியில் வருவது சுருள், தேய்ப்பு மெஷினில் வருவது மூச்சுக்குள் போகிற தூள். ஈட்டி மரத்தூள் சிலருக்கு ஒவ்வாமையே தரும். மெஷினில் செய்த கிதார் மட்டம் என்று சொல்ல வரவில்லை. அருமையானவை நிறைய உண்டு. எனக்கு ஒவ்வொரு சுருளுக்குப் பிறகும் நின்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு மெல்லிய பலகைதான் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கிற சுமார் 40 கிலோவைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் உள்ளே ஒலித்துளைக்குக் கீழே ஏழு மெல்லிய குச்சிகள் விசிறிபோல் விரிந்திருக்கின்றன. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டால் தெரியும். இந்த அமைப்பை நிலைநிறுத்தியவர் 19ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த அந்தோனியோ தே தோரெஸ். 1862இல் அவர் பக்கங்களையும் முதுகையும் வெறும் காகித அட்டையில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் போட்டு ஒரு கிதார் செய்தார். ஒலியின் பெரும்பகுதி மேல்பலகையில் இருக்கிறது என்று காட்டத்தான் அது. பார்சலோனா இசை அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அட்டைக் கிதாரைப் பற்றிப் படித்ததிலிருந்து, என் நேரத்தில் பெரும் பங்கை மேல்பலகைக்கே கொடுக்கிறேன்.

ஆனாலும் பக்கங்களை வளைக்கும் வேலை தனி சுகம். 2 மில்லிமீட்டர் ஈட்டிப் பட்டையை நனைத்து, சூடான இரும்புக் குழாயின்மேல் வைத்து அழுத்துவேன். முதலில் மரம் மல்லுக்கு நிற்கும். நீர் ஆவியாகிச் சீறும், இனிப்பான ஒரு வாசனை கிளம்பும். பிறகு சட்டென்று உள்ளங்கைக்கு அடியில் பட்டை இளகிக் கொடுக்கும். அந்த நொடிக்குமுன் அழுத்தினால் முறியும், காக்க வைத்தால் கருகும். எப்போது என்று அழுத்துகிற கைக்குத்தான் தெரியும்.

கழுத்தில் ஒரு விஷயம் உனக்காகவே செய்தேன். வழக்கமான தந்தி நீளம் 650 மில்லிமீட்டர். உன் விரல்களுக்கு 640 வைத்தேன். நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட்டின், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின், இடம் கிடைக்கும், மீதியை மறுபடி வகுத்தால் அடுத்தது. இப்படியே போய் 12ஆவது சரியாகப் பாதியில், 320இல் வந்து நிற்கும்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. இவ்வளவு மெல்லிசாகச் செய்த மரம் என்றாவது விரியும். காற்று வறண்டால் பலகை குறுக்குவாட்டில் சுருங்கும், நார் போன வழியில் கீறல் விடும். அப்படி விழுந்தால் கிதார் போச்சு என்று அழாதே. அந்த நாளை நினைத்துத்தான் எல்லா ஒட்டுகளையும் வச்சிரத்தில் போட்டிருக்கிறேன். விலங்குத் தோலிலிருந்து எடுக்கிற பழைய பசை. குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரமாக வைத்து 60 டிகிரி அளவில் இளக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். பூசியதும் சில நொடிகளில் உறையத் தொடங்கும், அதனால் மரத்தையும் முன்பே சூடாக்கி வைத்து ஓட்டமாய் ஓடித்தான் ஒட்ட வேண்டும். இத்தனை பாடுபட்டு இதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், காய்ந்தால் இரும்பு மாதிரி நிற்கும், ஈரமும் சூடும் கொடுத்தால் திரும்ப விட்டுக்கொடுக்கும். பிற்பாடு யாராவது முதுகுப் பலகையைத் திறந்து, உள்ளே பழுது பார்த்து, அதே இடத்தில் ஒட்ட முடியும். மேலே பூசியிருக்கும் அரக்கும் அப்படித்தான். ஸ்பிரிட்டில் கரைத்த புதுப்பூச்சு பழைய பூச்சோடு கலந்துவிடும், திட்டுத் தெரியாது. கழுத்து மட்டும் இதற்கு விலக்கு. பக்கப் பட்டைகள் அதற்குள்ளேயே செருகியிருப்பதால் தனியாகக் கழற்ற வராது. அதனால் அதன் சாய்வைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

சூட்டில் விட்டுக்கொடுக்கும் பசை என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் ஒருபோதும் வைக்காதே. அறையில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வை. கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் விரலைக் கீற ஆரம்பித்தால் காற்று வறண்டுவிட்டது என்று அர்த்தம். கீறல் விழுந்தால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையை யாரும் ஊற்ற விடாதே. அது ஊறிவிட்டால் சரியான ஒட்டு பிடிக்காது. வச்சிரத்தில் வேலை தெரிந்த ஒருவரைத் தேடு, அதுவரை தந்திகளைத் தளர்த்தி வை.

துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும், ஸ்பிரிட் கலந்த எதுவும் வேண்டாம்.

முதல் சில வாரங்கள் சுருதி நிற்காது, நைலான் நீண்டுகொண்டே இருக்கும். தினமும் வாசி. மேல்பலகை இழுவிசைக்குப் பழகும்போது தந்திகள் சற்று மேலே எழலாம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் முதல் தந்தி 3 மில்லிமீட்டரும் ஆறாவது 4 மில்லிமீட்டரும் உயரத்தில் இருக்கும்படி வைத்திருக்கிறேன். மேல்பலகையில் தந்திகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கி நிற்கும் எலும்புத் துண்டை ஒட்டவில்லை. பெட்டியின் பக்க அறையில் அரை மில்லிமீட்டர் உயரம் குறைவான இன்னொன்று இருக்கிறது. மாற்றுவதற்கு முன் உயரத்தை அளந்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா