கான்கிரீட் விழுவதற்கு முன் ஒருவர் வந்து பார்க்கட்டும்

மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் கட்டட விதித் திருத்தக் குழுவினருக்கும்,

வணக்கம்.

கட்டட விதிகளின் புதிய வரைவையும் அதனுடன் வந்த அனுமதிக் கட்டண அட்டவணையையும் வரி விடாமல் படித்தோம். கட்டணம் ஏறுகிறதே என்று புலம்புவதற்காக இந்த மடலை எழுதவில்லை. பணத்தை எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், தாமதமானால் எவ்வளவு அபராதம் என்பதையெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். பணம் கட்டியவரின் சைட்டுக்கு உங்கள் ஆய்வாளர் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார் என்பதை மட்டும் எங்கும் காணோம். "தேவைக்கேற்ப ஆய்வு செய்யப்படும்" என்ற ஒற்றை வரியோடு விட்டுவிட்டீர்கள்.

நாங்கள் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். கம்பி கட்டி முடித்துத் தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள், கான்கிரீட் போடுவதற்கு முன், விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அதை விதியிலேயே எழுதுங்கள்.

மேல்தளத்துக்குக் கம்பி கட்டிவிட்டு ஆய்வாளருக்காக நான்கு நாள் காத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எழுதுகிறோம். வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டதும், கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அச்சான சென்ட்ரிங் பிளைவுட்டின் விளிம்பு உப்பி, இணைப்பு விலகும். அந்த இடுக்கு வழியே சிமென்ட் பால் ஒழுகிப் போக, பீமின் அடியில் ஜல்லி மட்டும் தேன்கூடு மாதிரி நிற்கும். பலகைக்குத் தடவிய ஆயிலை மழை கழுவிவிடும். கம்பி கட்டிய பிறகு மறுபடி தடவினால் அது கம்பியிலும் படும். ஆயில் பட்ட கம்பியைக் கான்கிரீட் சரியாகப் பிடிக்காது. அடிப்பலகை இல்லாமல் ஈர மண்ணில் நிற்கும் முட்டுகள் இறங்கும். கம்பியில் லேசாகப் படிந்த துருவால் கெடுதல் இல்லை. செதில் செதிலாகக் கிளம்பும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தே ஆக வேண்டும், ஆனால் நெருக்கமாக ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) கட்டிய பீமுக்குள் பிரஷ் நுழையாது.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது மேல்கம்பி அமுங்குவது. ஒரு பால்கனியை எடுத்துக்கொள்ளுங்கள். 125 மி.மீ. கனமுள்ள தளம், சுவரைத் தாண்டி வெளியே நீண்டு நிற்கிறது. அப்படி நீண்டு நிற்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம் வரும், ஆகவே அதன் உயிர் மேல்கம்பியில்தான் இருக்கிறது. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) 20 மி.மீ., கம்பி 10 மி.மீ. என்றால், பலகையிலிருந்து கம்பியின் நடுமட்டம் வரை 100 மி.மீ. இருக்கும். காத்திருக்கும் நாட்களில் பிளம்பரும் எலெக்ட்ரீஷியனும் சென்ட்ரிங் ஆட்களும் அதன் மேல்தான் நடப்பார்கள். நடக்க நடக்க, மேல்கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பி சாயும், மேல்கம்பி படியும். அது 40 மி.மீ. இறங்கிவிட்டால் மிச்சம் 60 மி.மீ.தான். கம்பியின் எண்ணிக்கை குறையவில்லை, கான்கிரீட்டின் தரமும் குறையவில்லை. ஆனாலும் பளு தாங்கும் திறனில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது.

கான்கிரீட் விழுந்த பிறகு இது கண்ணுக்குத் தெரியாது. அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியான கியூப் 28-வது நாள் சோதனையில் தேறிவிடும். பூசி வெள்ளையடித்த பால்கனி பார்வைக்கு அழகாகவே இருக்கும். முட்டுகளைப் பிரிக்கும் அன்றோ, பல வருடம் கழித்து அதில் ஆட்கள் கூடி நிற்கும் அன்றோதான் விஷயம் வெளியே வரும். உள்ளே இருக்கும் கம்பியைக் கண்டறியும் கவர் மீட்டர் வைத்துத் தேடினால் முன்பே தெரியலாம், ஆனால் தெரிந்த பின் பெரும்பாலும் இடித்துத்தான் போட வேண்டியிருக்கும். கான்கிரீட்டுக்கு முன்பென்றால் ஓர் அளவு நாடாவைக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே பிடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். சேர் கம்பி நான்கைக் கூடுதலாக வைத்தால் குறை தீர்ந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் ஆள் கேட்கிறோம்.

தூணும் பீமும் சேரும் இடத்திலும் இதே கதைதான். அங்கே ரிங் நுழைப்பது கடினம் என்பதால் பல சைட்டுகளில் விட்டுவிடுகிறார்கள். ரிங்கின் கொக்கியை 135 டிகிரிக்கு மடித்து உள்ளே செருக வேண்டும். 90 டிகிரியோடு நிறுத்தினால், நிலநடுக்கத்தில் கவர் உதிர்ந்ததும் கொக்கி விரிந்துகொள்ளும். வரைவில் இதற்கு நல்ல பிரிவு ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள், மனதார வரவேற்கிறோம். வந்து பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவால் ஒரு கொக்கிகூட மடியாது.

இப்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறோம். ரெடிமிக்ஸ் லாரிக்கும் பம்புக்கும் நாள் குறித்தாயிற்று, ஆய்வாளர் வரவில்லை. தள்ளி வைத்த நாளிலும் வரவில்லை. மூன்றாம் முறை விடியற்காலையிலேயே கான்கிரீட் விழுந்துவிடுகிறது, ஆய்வுத் தாள் பிறகு நிரப்பப்படுகிறது. இதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விதியை மதித்துக் காத்திருந்தவருக்கு நஷ்டம், காத்திராமல் போட்டவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலை வந்ததற்கு நேரம் குறிக்காத விதிதான் காரணம். அதைத் திருத்தும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கும்போது, கட்டணத்தை மட்டும் திருத்துவது எங்களுக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தளக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரக் குழி ஒரு முறை, தரைமட்ட பீம் ஒரு முறை, தூண் மூன்று முறை, மேல்தளம் மூன்று முறை, நிறைவாய்வு ஒரு முறை, ஆக 9 வருகை. வருடத்துக்கு 1,000 கட்டடம் என்றால் 9,000 வருகை. ஓர் ஆய்வாளர் நாளொன்றுக்கு 5 சைட் வீதம் 250 வேலை நாள் பார்த்தால் 1,250. எட்டுப் பேர் போதும். இந்த எண்களுக்குப் பதில் உங்கள் பதிவேட்டில் உள்ள எண்களைப் போடுங்கள்; எத்தனை பேர் வேண்டும் என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். உயர்த்தும் கட்டணம் முதலில் அவர்களின் சம்பளத்துக்குப் போகட்டும். கட்டணத்தையும் மொத்தமாக முன்கூட்டியே வாங்காமல், வரைபடச் சரிபார்ப்புக்கு ஒரு பங்கு, ஒவ்வொரு வருகைக்கும் ஒரு பங்கு என்று பிரித்தால் எந்தப் பணத்துக்கு எந்த வேலை நடந்தது என்று இரு தரப்புக்கும் தெரியும்.

அட்டவணையில் இன்னொரு இடமும் உறுத்துகிறது. அனுமதி பெற்ற வரைபடத்தில் சிறு மாற்றம் செய்தாலும் முழுக் கட்டணத்தில் பாதி என்று போட்டிருக்கிறீர்கள். இவ்வளவு வாங்கினால் மாற்றம் நிற்காது, மறைக்கப்படும். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு பாலங்களையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த வடிவமைப்பை, வேலையின் நடுவே இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றினார்கள். அதனால் மேல் பாலத்தின் பீமுக்குக் கீழே இருந்த நட்டு இணைப்பில் இரண்டு பாலங்களின் பளுவும் ஏறியது. அந்த மாற்றத்துக்கு யாரும் மறுகணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சிறு மாற்றத்துக்கான கட்டணத்தைக் குறைத்து, சரிபார்ப்பை விரைவாக்குங்கள்.

விதிமீறலைப் பணம் வாங்கி முறைப்படுத்தும் பிரிவைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. துருக்கியில் 2018-இல் அனுமதியில்லாக் கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவுச் சான்று கொடுத்தார்கள். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கங்களில் அந்நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அந்தச் சலுகை கடும் கண்டனத்துக்கு ஆளானது. கட்டமைப்பைச் சோதிக்காமல் ஒரு கட்டடத்தைக்கூட முறைப்படுத்த வேண்டாம். பணம் கட்டிய ரசீது தூணுக்கு முட்டுக் கொடுக்காது.

பழைய விதியில் ஏற்கெனவே விண்ணப்பித்தவர்களைப் புதிய விதி என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். தீத்தடுப்புக்கும் தப்பிக்கும் வழிக்கும் மட்டும் புதிய விதி உடனே வரட்டும். மற்றவற்றுக்கு ஆறு மாத அவகாசம் கொடுங்கள், அஸ்திவாரம் போட்ட பின் தூணின் அளவை மாற்றச் சொன்னால் எவராலும் முடியாது.

சற்று காட்டமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விதியில் சேர்க்க வேண்டிய வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம்: "கம்பி கட்டி முடித்த தகவல் பதிவான 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் வருவார். வராவிட்டால், கட்டமைப்பு வடிவமைத்த பொறியாளர் நேரில் பார்த்து, மேல்கம்பியின் உயரம், கவர், ரிங் இடைவெளி, இணைப்பில் உள்ள ரிங்குகள் ஆகியவற்றை அளவு நாடாவோடு படமெடுத்துப் பதிவேற்றி, கையொப்பமிட்ட பின் கான்கிரீட் போடலாம். அந்த வருகைக்கான கட்டணம் விண்ணப்பதாரருக்குத் திருப்பித் தரப்படும்."

வரைவை இறுதி செய்வதற்கு முன் இந்த மூன்று வாக்கியங்களையும் சேர்த்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர்கள், சைட் மேற்பார்வையாளர்கள், கம்பி மற்றும் சென்ட்ரிங் மேஸ்திரிகள்