ஓப்பன் சோர்ஸை நம்பிக் கடைக்கணக்கை வைக்கலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயத்தில் உங்களில் பலர் கேட்பது இது: "காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளை நம்பித் தொழில் நடத்தலாமா?" அவர்கள் கேட்பது ஓப்பன் சோர்ஸைப் பற்றி, அதாவது மூலநிரலை (மென்பொருளை எழுதிய வரிகளை) யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருளைப் பற்றி. தாராளமாக நடத்தலாம். ஆனால் எந்த மென்பொருள் என்று பார்க்க வேண்டும். அதைப் பராமரிப்பவர்கள் யார், எத்தனை பேர், எத்தனை வருஷத்துக்குப் பராமரிப்பார்கள் என்றுதான் நாங்கள் முதலில் விசாரிக்கிறோம்.

கடிதம், கணக்குத்தாள் தயாரிக்க உதவும் ஓப்பன் ஆபீஸையும் லிப்ரே ஆபீஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் பிரிந்த ஒரே குடும்பம். பெயர் பழகியது என்பதால் இன்றும் பலர் ஓப்பன் ஆபீஸைத்தான் இறக்குகிறார்கள். அதன் 4.1 பதிப்பு வந்தது 2014-இல். அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் சின்னச்சின்னத் திருத்தங்கள். ஆடிட்டர் அனுப்பும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் (எக்செல்) கோப்பை அதில் திறக்கலாம், அதே வடிவில் சேமிக்க முடியாது. லிப்ரே ஆபீஸில் முடியும், புதிய பதிப்புகளும் தவறாமல் வருகின்றன. அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸை நாங்கள் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

விவரங்களையெல்லாம் சேமித்து வைக்கும் தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருள். வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷப் பராமரிப்பு என்று தேதியோடு சொல்லிவிடுகிறார்கள். 13-ஆம் பதிப்பின் காலம் 2025 நவம்பரில் முடிந்தது. இன்னும் அதில் இருப்பவர்கள் எங்களிடம் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

ஆள்பலத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்றால், 2024 மார்ச்சில் நடந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. உலகெங்கும் லினக்ஸ் சர்வர்களில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருளை நெடுங்காலம் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் ஓய்வு நேரத்தில். உதவிக்கு வந்து, வருஷக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், அதற்குள் திருட்டுவழி ஒன்றை வைத்துவிட்டார். சர்வருக்குள் நுழைய அரை நொடி அதிகம் ஆகிறதே என்று குடைந்து பார்த்துக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட். போஸ்ட்கிரெஸை உருவாக்குபவர்களில் ஒருவர். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அடிவரை தோண்ட முடிந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சோதனைப் பதிப்புகளுக்குள் அந்தத் திருட்டுவழி புகுந்திருந்தது, நிலையான பதிப்புக்கு வரவில்லை. உங்கள் சர்வரில் புத்தம்புதியதைப் போடாமல் நிலையான பதிப்பையே போடுகிறோமே, காரணம் இதுதான்.

பில்லிங், கணக்கு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. அப்படி ஒரு மாற்றம் வந்தால் உங்கள் மென்பொருளை உடனே யார் மாற்றிக் கொடுப்பார்கள்? கணக்கு, பில்லிங்குக்கான ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான இஆர்பிநெக்ஸ்ட் நல்லதுதான், இந்தியாவில் உருவானது. ஆனால் அதில் ஜிஎஸ்டி வேலையைச் செய்வது தனியாக நிறுவ வேண்டிய ஒரு செயலி. இரண்டையும் சேர்த்துப் பராமரிக்க ஆள் இருந்தால் போடலாம். இல்லையென்றால் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்வோம், அதனால் எங்களுக்கு வேலை குறைந்தாலும் சரி.

அப்புறம், ஒரு மென்பொருளுக்குள் போகும் முன்பே வெளியே வரும் வழியைப் பாருங்கள். சரக்கு இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி, பழைய பில்கள் எல்லாவற்றையும் எக்செல்லில் எடுக்க முடிகிறதா?

மாற நினைப்பவர்கள் மென்பொருளின் பெயரையும் போன மாத பில்களின் நகலையும் எங்களிடம் கொடுங்கள். தனிக் கணினியில் போட்டு, பழைய கணக்கோடு ஒத்துப் பார்த்துச் சொல்கிறோம். அதுவரை இப்போதுள்ளதை நிறுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கணினிச் சேவை நிறுவனத்தார்