நாளைப் பயிற்சிக்கு வருமுன்

வணக்கம். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட எல்லோரும் நாளை வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வாருங்கள். மேல் அளவு 180, கீழ் அளவு 110, எதைத் தாண்டினாலும் பயிற்சி வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என் பெரிய கவலை கெண்டைக்கால்தான். அது திடீரென வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். தயவுசெய்து தைலம் தேய்த்து நீவாதீர்கள். உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனை போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

காய்ச்சல், தையலில் கசிவு இருந்தாலும் ஓய்வெடுங்கள். வர முடியாதவர்கள் இங்கே ஒரு வரி போடுங்கள், நானே கூப்பிடுகிறேன்.