'ஸ்டிக்' என்றால் குச்சியில்லை

அன்புள்ள கதிர்,

நீ மொழிபெயர்க்கும் கதையில் முட்டி நிற்கும் இடத்தைப் பார்த்தேன். தீ விபத்தைப் பற்றி எழுதப்போகும் நிருபரிடம் ஆசிரியர் 'ரெண்டு ஸ்டிக் போதும்' என்கிறார். அதைக் 'குச்சி' என்று போட்டுவிடாதே. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகை அலுவலகத்தில் ஸ்டிக் என்பது செய்தியின் நீளத்தைக் குறிக்கும் அளவு.

ஸ்டிக் என்பது அச்சுக்கோப்பவரின் இடது கையில் இருக்கும் சிறு தட்டு. இரண்டு பக்கம் சுவர், ஒரு முனையில் நகர்த்திப் பூட்டும் தடுப்பு. பத்தியின் அகலத்துக்குத் தடுப்பைப் பூட்டிவிட்டு, வலது கையால் கேஸிலிருந்து, அதாவது எழுத்துக்கு ஓர் அறை கொண்ட பெட்டியிலிருந்து, ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். கடைசியாக வைத்த எழுத்தை இடது கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருக்கும். வரிசை இடமிருந்து வலம்தான், ஆனால் எழுத்து தலைகீழாக நிற்கும். ஆங்கில 'n' 'u'வாகவும் 'b' 'p'யாகவும் தெரியும். அதனால் எழுத்தின் தண்டிலுள்ள வெட்டைத்தான் பார்ப்பார்கள். எல்லா வெட்டும் மேல்பக்கம் ஒரே கோட்டில் வந்தால் எதுவும் திரும்பி நிற்கவில்லை என்று அர்த்தம்.

அளவு எப்படி வந்தது? தட்டின் ஆழம் சுமார் 2 அங்குலம். நிறைந்தால் ஈயம் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டும், அதற்கு மேல் ஒரு கையில் தாங்காது. அங்குலத்துக்கு 72 பாயின்ட். 8 பாயின்ட் எழுத்தை வரிகளுக்கு நடுவே இடைவெளித் தகடு போடாமல் அடுக்கினால் அங்குலத்துக்கு 9 வரி, ஆக ஒரு ஸ்டிக்குக்கு 18 வரி. பத்தி 13 எம் பைக்கா, அதாவது 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் வரிக்கு ஐந்தாறு சொல்தான் பிடிக்கும். கூட்டிப் பார்த்தால் நூறு சொல்லை ஒட்டி வரும். எழுத்தின் அளவும் பத்தியின் அகலமும் பத்திரிகைக்குப் பத்திரிகை மாறுவதால், இது முழத்துக்கு முழம் மாறும் பூக்கடைக் கணக்குதான்!

நிறைந்த ஸ்டிக்கிலுள்ளதை 'கேலி' (galley) என்ற நீளத் தட்டுக்கு மாற்றுவதில்தான் ஆபத்து. நாலு பக்கமும் விரல்களால் நெருக்கி, மொத்தத்தையும் ஒரே கட்டியாகத் தூக்க வேண்டும். சொற்களுக்கு நடுவே ஸ்பேஸ் சரியாக இட்டு எல்லா வரியையும் ஒரே இறுக்கத்தில் நிறுத்தியிருந்தால் தூக்கலாம். ஒரு வரி தளர்ந்திருந்தாலும் நடுவில் பிதுங்கி மொத்தமும் சரியும். அந்தக் குவியலுக்கு 'பை' (pie) என்று பெயர். அதைப் பிரித்து ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட, கோத்ததைவிட அதிக நேரம் பிடிக்கும். இறுக்கம் கூடினாலும் தொல்லைதான். அந்த ஒரு வரி நீண்டு நின்றால் பக்கத்தைச் சட்டத்தில் வைத்து முடுக்கும்போது அதுவே எல்லா நெருக்கலையும் வாங்கிக்கொள்ளும், மற்ற வரிகள் தொளதொளத்துவிடும்.

1886 ஜூலையில் நியூயார்க் ட்ரிப்யூனில் மெர்கன்தாலர் கண்டுபிடித்த லைனோடைப் என்ற அச்சுக்கோக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. அது ஒரு வரியை முழுசாக ஒரே ஈயக் கட்டையாக வார்த்தது. பிறகு அந்த இயந்திரம் பரவப் பரவ, செய்தி கோக்க ஸ்டிக் தேவைப்படவில்லை. ஆனாலும் நிருபர்கள் வாயில் அந்த அளவு மட்டும் நின்றுவிட்டது. எனவே கதை 1920களில் நடந்தாலும் இந்தச் சொல் வருவதில் பிழையில்லை.

நம்மூர் லெட்டர்பிரஸ்காரர்களும் அந்தத் தட்டை ஸ்டிக் என்றுதான் சொன்னார்கள். அதனால் சொல்லை அப்படியே வைத்துவிடு. முதல் முறை மட்டும், 'ரெண்டு ஸ்டிக், நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம்' என்று ஆசிரியர் வாயிலேயே விளக்கத்தைச் செருகிவிடலாம். அடிக்குறிப்பு போட்டு வாசகனை நடுவழியில் இறக்கிவிடாதே.

இன்னொன்று. நிருபர் தாளின் அடியில் 30 என்று தட்டிவிட்டு எழுந்து போவதாக எங்காவது வந்தால், அதைப் பக்க எண் என்று எடுத்துக்கொள்ளாதே. செய்தி முடிந்தது என்று கோப்பவருக்குக் காட்டும் குறி அது.

அன்புடன்,
முரளி